கிரென்னா, அமாலியாவின் ஊர்

கிரென்னா என்றால் ஒரே தெருதான். பிராஹேகாட்டன் என்று பெயர். தெற்கு முனையில் நின்று பார்த்தால் பார்வை தடங்கலில்லாமல் வடக்கு நோக்கி ஓடும். இரண்டு பக்கமும் தாழ்வான மரவீடுகள்: மஞ்சள், வெளிர்ப்பச்சை, செங்காவி. கிழக்கே கிரென்னா மலை செங்குத்தாக எழுந்து நிற்கிறது. மேற்கே தோட்டங்களும் வயல்களும் சரிந்து இறங்கி வெட்டர்ன் ஏரியைத் தொடுகின்றன. குறுக்குத் தெருக்கள் சில உண்டு, ஒரு சதுக்கம் உண்டு, கீழே படகுத்துறை உண்டு. தெற்கு ஸ்வீடனில், யோன்ஷோப்பிங் நகரத்திலிருந்து வடக்கே ஏறக்குறைய 35 கிலோமீட்டர். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் 2,600 பேரை ஒட்டி இருப்பார்கள்.

நான் இந்த ஊர்க்காரி இல்லை. பக்கத்தில் ஹுஸ்க்வார்னாவில் குடியிருக்கிறேன். முதியவர்களின் வீட்டுக்கே போய்ப் பராமரிக்கும் வேலை பார்க்கிறேன். என் சுற்றில் உள்ள வீடுகளில் பாதிக்கு மேல் கிரென்னாவில். காலையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பது, கால் வீக்கத்துக்கான இறுக்கமான காலுறையை மாட்டிவிடுவது, காப்பி போடுவது, குப்பையைக் கொண்டுபோய்ப் போடுவது. சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் கடைகளின் வழியாகப் பார்க்கிற ஊரை நான் அடுப்படிகளின் வழியாகப் பார்க்கிறேன். பார்க்கப் பார்க்க இதன் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. நூலகத்தில் உட்கார்ந்து படித்ததும், அருங்காட்சியகத்தில் நின்று பார்த்ததும், என் பாட்டிமார் காப்பிக்கு நடுவே சொன்னதும் சேர்ந்ததுதான் இந்தப் பதிவு.

ஊரை உண்டாக்கியவர் ஒரு பிரபு. பேர் பிராஹே (Per Brahe) என்பது அவருடைய முழுப்பெயர். அதே பெயரில் அவருடைய தாத்தாவும் இருந்ததால் இவரை இளையவர் என்று சொல்வார்கள். 1602-ல் பிறந்து 1680-ல் இறந்தவர். அந்தக் காலத்து ஸ்வீடனில் அரசகுடும்பத்துக்கு அடுத்தபடி அதிகாரமும் சொத்தும் உள்ளவர்களில் ஒருவர். கிறிஸ்டினா அரசி சிறுமியாக இருந்தபோது நாட்டை நடத்திய ஆட்சிக்குழுவில் இருந்தார். ஃபின்லாந்துக்கு இரண்டு முறை தலைமை ஆளுநராகப் போனார். அங்கே 1640-ல் துர்க்கு நகரத்தில் பல்கலைக்கழகம் தொடங்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. போன இடத்திலெல்லாம் ஊர் கட்டுகிற ஆள். ஃபின்லாந்தின் பல சிறு நகரங்களுக்கு அவர்தான் பிள்ளையார் சுழி போட்டவர்.

அவருடைய குடும்பத்தின் மாளிகை, ஏரிக்கு நடுவே விசிங்ஸோ தீவில் இருந்தது. விசிங்ஸ்பொர்க் என்பார்கள். 14 கிலோமீட்டர் நீளமும் 3 கிலோமீட்டர் அகலமும் உள்ள நீளவாக்குத் தீவு அது. அந்த மாளிகைக்கு நேர் எதிரே, கிழக்குக் கரையில், 1652-ல் அவர் தன் சொந்த நகரத்தை உருவாக்கினார். கோடு போட்டு அளந்து, தெருவை நேராகவும் அகலமாகவும் விட்டார். மரவீடுகள் நெருக்கமாக இருந்தால் ஒரு வீட்டில் பிடித்த தீ ஊரையே தின்றுவிடும். அகலத் தெரு இருந்தால் தீ தாண்டுவது கடினம். அந்த அகலம் இன்றும் அப்படியே இருக்கிறது. வாரச்சந்தையன்று இரண்டு பக்கமும் கடை போட்டாலும் நடுவில் சக்கர நாற்காலியைத் தாராளமாகத் தள்ளிக்கொண்டு போகலாம். இது நான் அன்றாடம் அனுபவிக்கிற விஷயம்.

பழமரம் நடச் சொல்லி ஊராரை வற்புறுத்தியவரும் இந்தப் பிரபுதான் என்று இங்கே சொல்வார்கள். கிரென்னா பேரிக்காய் என்று தனி ரகமே இருக்கிறது, சிறிய காய். பெரிய ஏரி மெல்லத்தான் சூடாகும், மெல்லத்தான் ஆறும். அதனால் இலையுதிர் காலத்தில் பனி கொஞ்சம் தள்ளியே விழுகிறது. மலை கிழக்குக் காற்றைத் தடுக்கிறது. மதியத்துக்குப் பிறகு வெயில் முழுக்க ஊர்மேல்தான் விழும். பேரிக்காய்க்கு வேறென்ன வேண்டும்.

ஆனால் பிரபு தனக்கென்று கட்டியது எதுவும் நிற்கவில்லை. ஊருக்கு வடக்கே மலை விளிம்பில் பிராஹேஹூஸ் என்று ஒரு கோட்டைவீடு கட்டினார். தனக்குப் பின் மனைவி கிறிஸ்டினா ஸ்டென்போக் வாழ்வதற்காகத் திட்டமிட்டது. வீடு முடிவதற்குள் 1650-ல் மனைவி இறந்துவிட்டார். விருந்தினர் தங்கும் இடமாக அதைப் பயன்படுத்தினார்கள். 1680-ல் பிரபு காலமானார். அந்தக் கட்டத்தில்தான் அரசர் பிரபுக்களிடமிருந்த நிலங்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தார். பிராஹே குடும்பத்தின் ஆட்சிப்பகுதியும் கைவிட்டுப் போனது. 1708-ல் பக்கத்துக் கிராமத்தில் பிடித்த தீ பிராஹேஹூஸையும் எரித்தது. தீவில் இருந்த மாளிகையில், ரஷ்யாவோடு நடந்த போரில் பிடிபட்ட கைதிகளை அடைத்து வைத்திருந்தார்கள். 1718 டிசம்பரில் அதுவும் எரிந்தது.

பிராஹேஹூஸின் வெற்றுச் சுவர்கள் மட்டும் இப்போதும் நிற்கின்றன. ஸ்டாக்ஹோம் போகிற ஈ4 நெடுஞ்சாலை அதை ஒட்டியே போவதால், நாட்டில் காரோட்டுகிற பாதிப்பேர் அங்கே நின்று காலை நீட்டியிருப்பார்கள். ஜன்னல் இருந்த ஓட்டை வழியாகப் பார்த்தால் ஏரியும் தீவும் முழுதாகத் தெரியும். கீழே இருக்கிற ஊரைப் பார்க்காமலே பலர் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

பிரபு போனபிறகு கிரென்னா இரண்டு நூற்றாண்டுகள் பெரிதாக எதுவும் நடக்காத ஒரு சின்ன ஊராகக் கிடந்தது. தையல்காரர்கள், செருப்புத் தைப்பவர்கள், விவசாயம், கொஞ்சம் மீன். இந்த ஊருக்கு இரண்டாவது உயிர் கொடுத்தவர் என்று நான் நினைப்பது அமாலியா எரிக்சனை.

அமாலியா 1824-ல் யோன்ஷோப்பிங்கில் பிறந்தவர். சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்தவர். வீட்டுவேலை செய்து பிழைத்தார். 1850-களின் நடுவில் அந்த வேலைக்காகவே கிரென்னா வந்தார். 1857-ல் ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற தையல்காரரைக் கல்யாணம் செய்துகொண்டார். அடுத்த வருடம் இரட்டைக் குழந்தைகள். ஒன்று பிறக்கும்போதே இறந்தது. பிரசவமாகி ஒரு வாரத்துக்குள் கணவர் வயிற்றுக்கடுப்பில் போய்விட்டார். கையில் இடா என்ற ஒரு பச்சைக்குழந்தை, வேறு துணையில்லை, வயது 34.

1859 ஜனவரி 10-ம் தேதி அவர் ஊர் நிர்வாகத்தாரிடம் அனுமதி வாங்கினார்: உயர்தரப் பலகாரம் செய்யவும் பொல்காகிரீஸ் காய்ச்சவும். பொல்காகிரீஸ் என்பது வெள்ளையும் சிவப்பும் முறுக்கிய புதினா மிட்டாய்க் குச்சி. அப்போது ஐரோப்பாவையே ஆட்டிவைத்த பொல்கா நடனத்தின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. ஸ்வீடனில் விரும்பியவர் விரும்பிய தொழில் செய்யலாம் என்ற முழுச் சுதந்திரம் 1864-ல்தான் சட்டமானது. அதற்கு ஐந்து வருடம் முன்பு ஒரு பெண், அதுவும் ஏழை விதவை, தனியாகத் தொழில் நடத்த உத்தரவு வாங்குவது லேசான காரியம் இல்லை. எந்தக் குரலில் கேட்டிருப்பார், எதிரே உட்கார்ந்திருந்த ஆண்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன்.

அந்த மிட்டாய் எப்படிச் செய்வது என்பதைக் கடைக்குள்ளேயே நின்று பார்க்கலாம். பிராஹேகாட்டனில் காய்ச்சும் இடத்துக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்புதான். அமாலியாவின் பொருட்கள் நாலே நாலு: சர்க்கரை, தண்ணீர், வினிகர், புதினா எண்ணெய். வினிகர் ருசிக்காக இல்லை. பாகு ஆறும்போது சர்க்கரை மறுபடி பூத்துப் பரல் பரலாகிவிடக் கூடாது. ஜாங்கிரிப் பாகில் நாம் எலுமிச்சைச் சாறு விடுவது இதற்காகத்தான். இப்போது பல கடைகளில் வினிகருக்குப் பதில் குளுக்கோஸ் சேர்க்கிறார்கள்.

பாகு கம்பிப் பதத்தையெல்லாம் தாண்டி, தண்ணீரில் விட்டால் கண்ணாடி மாதிரி உடைகிற பதம் வரைக்கும் கொதிக்க வேண்டும். எண்ணெய் தடவிய மேடையில் அதை ஊற்றும்போது தேன் நிறம். ஓரம் முதலில் இறுகும்; அதை இரும்புத் தகட்டால் உள்ளே உள்ளே மடித்துக்கொண்டே வருவார்கள். ஒரு சிறு பகுதியை வெட்டி எடுத்துச் சிவப்புச் சாயம் கலந்து தனியே வைத்துவிடுவார்கள். மிச்சத்தில் புதினா எண்ணெயை விட்டதும் கடை முழுக்க ஒரு வாசனை கிளம்பும் பாருங்கள், மூக்கடைப்பெல்லாம் திறந்துவிடும். அப்புறம் அந்தக் கனத்த உருண்டையைத் தூக்கிச் சுவரில் அடித்திருக்கும் கொக்கியில் மாட்டி இழுக்கிறார்கள். இழுத்து, மடித்து, மறுபடி மாட்டி, மறுபடி இழுத்து. சாயம் எதுவும் போடாமலே அது கண்ணெதிரே வெளுக்கிறது. காற்று நுண்ணிய குமிழ்களாக உள்ளே புகுந்து புகுந்து வெள்ளையாகிறது. கடைசியில் வெள்ளை உருளைமேல் சிவப்புப் பட்டைகளை ஒட்டி, மேடைமேல் உருட்டி, நீட்டி, முறுக்கி, கத்தரியால் நறுக்குகிறார்கள். இறுகுவதற்குள் எல்லாம் முடிய வேண்டும். அவ்வளவு நேரமும் கை சூட்டிலேயே இருக்கும். காய்ச்சுகிறவர்களின் முன்கையைக் கவனியுங்கள், மரம் வெட்டுகிறவர்களின் கை போலத்தான் இருக்கும்.

இந்த வேலையை ஒரு பெண் தன் வீட்டு அடுப்பில், விறகெரித்து, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு செய்தார். பக்குவத்தை யாருக்கும் சொல்லிக்கொடுக்காமல் வைத்திருந்தார். 1923-ல் நூறை நெருங்கிய வயதில் இறந்தார். தொழில் அவரோடு போய்விடவில்லை. கார்கள் பெருகி, ஸ்டாக்ஹோமிலிருந்து தெற்கே போகிற பழைய பிரதான சாலை இந்தத் தெரு வழியாகவே ஓடிய காலத்தில், வழியில் நின்று மிட்டாய் வாங்குவது பயணத்தின் சடங்காகிவிட்டது. ஒன்று பத்தானது. இன்று தெருவில் வரிசையாக மிட்டாய்க் கடைகள்தான். லாக்ரிஸ் (அதிமதுரம்), ஸ்ட்ராபெர்ரி, இன்னும் என்னென்னவோ ருசியில் வந்துவிட்டது. என்னைக் கேட்டால் வெள்ளையும் சிவப்பும் போட்ட பழைய புதினாதான்.

நான் போகிற ஒரு வீட்டுப் பாட்டி, சிறுமியாக இருந்தபோது கோடை விடுமுறையில் ஒரு மிட்டாய்ப் பட்டறையில் காகிதம் சுற்றுகிற வேலை பார்த்தவர். குச்சியைக் காகிதத்தில் உருட்டி இரண்டு முனையையும் முறுக்க வேண்டும். "ராத்திரி படுத்த பிறகும் கையில் புதினா வாசம் போகாது. அம்மா என் கையைப் பிடித்து மோந்துபார்த்துவிட்டு, இன்றைக்கு எத்தனை கட்டு சுற்றினாய் என்று கேட்பாள்" என்றார். இப்போது விரல்கள் மடங்குவதில்லை. ஆனால் பேசும்போது மட்டும் இரண்டு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாக அந்த முறுக்கலைச் செய்துகாட்டின.

1997-ல் அமாலியாவுக்கு ஊரில் ஒரு சிலை வைத்தார்கள். அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறையும். நாட்டையே ஆண்ட பிரபுவின் பெயரில் தெரு இருக்கிறது, சரி. ஊரில் பாதிப்பேருக்கு இன்றைக்கும் சோறு போடுவது இந்தப் பெண்ணின் அடுப்பு.

அமாலியா அனுமதி வாங்கிய அந்த ஜனவரியில், அதே ஊரில் மருந்துக்கடைக்காரர் வீட்டில் நாலு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். சலமோன் ஆகஸ்ட் ஆந்த்ரே. அவரும் இந்த மிட்டாயைச் சப்பிக்கொண்டு வளர்ந்திருப்பார் என்றே நம்புகிறேன். கிரென்னாவின் இன்னொரு பெயர்பெற்ற பிள்ளை இவர்.

ஆந்த்ரே பொறியியல் படித்தார், காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்தார், ஹைட்ரஜன் பலூனில் வட துருவத்துக்குப் பறந்துபோகத் திட்டம் போட்டார். துருவப் பயணத்தில் நார்வேக்காரர்கள் முந்திக்கொண்டிருந்த காலம். ஸ்வீடனுக்கும் ஒரு வெற்றி வேண்டியிருந்தது. ஆல்ஃபிரெட் நோபெலும் அரசர் இரண்டாம் ஆஸ்காரும் பணம் கொடுத்தார்கள். பலூனைப் பாரிஸில் தைத்தார்கள். பலூன் காற்றின் போக்கில்தான் போகும். ஆனால் கனமான கயிறுகளைக் கீழே பனியில் இழுபட விட்டால் வேகம் குறையும், பாய் கட்டித் திசை திருப்பலாம் என்பது ஆந்த்ரேயின் கணக்கு.

1896-ல் முதல் முயற்சி. சாதகமான காற்றே வரவில்லை. காத்திருந்த நாட்களில் உடன் இருந்த வானிலை அறிஞர் நில்ஸ் எக்ஹோல்ம் பலூனிலிருந்து வாயு கசிவதை அளந்து பார்த்தார். பட்டுத்துணியின் தையலில் மட்டும் சுமார் எண்பது லட்சம் ஊசித்துளைகள். இந்தக் கசிவோடு துருவம் வரை போக முடியாது என்றார். கசிவு தெரியாமல் இருக்க ஆந்த்ரே அவருக்குச் சொல்லாமலே வாயுவை நிரப்பச் செய்திருந்தார் என்பது பிறகு எக்ஹோல்முக்குத் தெரிந்தது. அவர் விலகிக்கொண்டார். அவருடைய இடத்துக்கு 27 வயது பொறியாளர் க்னூட் ஃபிரெங்கல் வந்தார். மூன்றாமவர் நில்ஸ் ஸ்ட்ரிண்ட்பெர்க், 24 வயது, புகைப்படக்காரர், கல்யாணம் நிச்சயமானவர்.

1897 ஜூலை 11-ம் தேதி ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டிலிருந்து பலூன் கிளம்பியது. கிளம்பிய சில நிமிடங்களிலேயே கயிறுகளின் பெரும்பகுதி திருகு கழன்று தண்ணீரில் போனது. கூடவே பயத்தில் மணல்மூட்டைகளையும் தள்ளினார்கள். மொத்தம் 740 கிலோ எடை குறைந்து, பலூன் திட்டமிடாத உயரத்துக்குப் போனது. அங்கே வாயு இன்னும் வேகமாகக் கசிந்தது. பிறகு மூடுபனி, பனி உறைந்து ஏறிய கனம், பனிப்பரப்பில் மோதி மோதி எழும்புதல். மூன்றாம் நாள் பறப்பு முடிந்தது. அதற்குப் பிறகு சறுக்குவண்டிகளை இழுத்துக்கொண்டு வாரக்கணக்கில் நடை, கடைசியில் பனித்தட்டின் மேலேயே மிதப்பு. நடக்கிற பனியே எதிர்த்திசையில் நகர்ந்து அவர்களைப் பின்னுக்குத் தள்ளியது. அக்டோபர் தொடக்கத்தில் க்விட்டோயா என்ற பனித்தீவில் கரையேறினார்கள். சில நாட்களில் நாட்குறிப்பு நின்றுவிடுகிறது.

33 வருடம் யாருக்கும் ஒன்றும் தெரியாது. 1930 ஆகஸ்டில் பிரட்வோக் என்ற நார்வே கப்பலில் போனவர்கள் அந்தத் தீவில் அவர்களின் முகாமையும் உடல்களையும் கண்டார்கள். அமாலியா அப்போது இறந்து ஏழு வருடம். தன் தெருவில் வளர்ந்த பிள்ளை என்ன ஆனான் என்பது தெரியாமலே அவர் போய்விட்டார்.

அங்கிருந்து வந்த பொருட்கள் கிரென்னா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கிழிந்த துணி, படகு, பாத்திரம், கருவிகள். அதைவிட என்னை நிறுத்திவைப்பவை ஸ்ட்ரிண்ட்பெர்க்கின் படங்கள். 33 வருடம் பனியில் கிடந்த படச்சுருளை ஸ்டாக்ஹோமில் யோன் ஹெர்ட்ஸ்பெர்க் என்பவர் பொறுமையாகக் கழுவி, 240 படங்களில் 93-ஐ மீட்டார். ஒரு படத்தில் பலூன் பனிமேல் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. இரண்டு பேர் சும்மா நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். படம் முழுக்கக் கறை, கீறல், புள்ளி. மூன்றாவது ஆள் அந்த நேரத்திலும் முக்காலியை ஊன்றி, தூரத்தைச் சரிபார்த்துப் படமெடுத்திருக்கிறார்.

ஆந்த்ரேமீது எனக்குக் கோபம் உண்டு. கசிவு இருப்பது தெரிந்தும், காத்திருந்த பத்திரிகைகளுக்கும் பணம் கொடுத்தவர்களுக்கும் முன்னால் முடியாது என்று சொல்லத் துணியாமல் இரண்டு இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு போனார். அந்த வசந்தத்தில்தான் அவருடைய அம்மா இறந்திருந்தார். அதற்குப் பிறகு உயிர்மேல் அவருக்குப் பிடிப்பே குறைந்திருந்தது என்பதும் தெரிகிறது. உங்களுக்குப் பிடிப்பில்லை என்றால் மற்ற இருவர் என்ன செய்தார்கள் என்று கேட்கத் தோன்றும். ஆனால் அதே நாட்குறிப்பில் செப்டம்பர் 4-ம் தேதி ஒன்று வருகிறது. அன்று ஸ்ட்ரிண்ட்பெர்க்கின் பிறந்தநாள். அவருடைய வருங்கால மனைவியும் வீட்டாரும் எழுதிக்கொடுத்திருந்த கடிதங்களை ஆந்த்ரே அத்தனை நடையிலும் ரகசியமாகச் சுமந்து வந்து, அன்று காலை அவரை எழுப்பிக் கொடுக்கிறார். அந்தப் பையன் சந்தோஷப்பட்டதைப் பார்த்துத் தானும் சந்தோஷப்பட்டதாக எழுதுகிறார். இதைப் படித்த பிறகு கோபத்தை அப்படியே வைத்துக்கொள்ள முடியவில்லை.

ஏரியும் இந்த ஊரிடம் ஒருமுறை பெரிதாக வாங்கியிருக்கிறது. யோன் பவ்யர் என்ற ஓவியர். ஸ்வீடனில் பூதம் என்றால் எல்லார் மனதிலும் வருவது அவர் வரைந்த பூதம்தான், பெரிய மூக்கும் பாசி படிந்த உடம்புமாக. கிரென்னாவுக்குப் பக்கத்தில் புன் ஏரிக்கரையில் ஒரு வீடு வைத்திருந்தார். 1918 நவம்பரில் அவரும் மனைவி எஸ்தரும் மூன்று வயது மகனும் ஸ்டாக்ஹோமுக்குக் குடிபெயரக் கிளம்பினார்கள். அக்டோபர் முதல் தேதிதான் யேத்தோ என்ற இடத்தில் பெரிய ரயில் விபத்து நடந்து 42 பேர் இறந்திருந்தார்கள். ரயில் வேண்டாம், கப்பலில் போவோம் என்று கிரென்னாத் துறையில் ஏறினார்கள். கப்பலின் பெயர் பேர் பிராஹே. ஹுஸ்க்வார்னா தொழிற்சாலையின் தையல் இயந்திரங்களும் இரும்பு அடுப்புகளும் மேல்தளத்தில்கூட ஏற்றப்பட்டிருந்தன. நவம்பர் 20-ம் தேதி அதிகாலைக்குள், புயலில், வடக்கே ஹேஸ்ட்ஹோல்மன் துறைக்குப் பக்கத்தில் கப்பல் கவிழ்ந்தது. 24 பேரும் போனார்கள். கப்பலை வெளியே எடுக்க 1922 வரை ஆனது.

வெட்டர்ன் அப்படிப்பட்ட ஏரி. நாட்டில் இரண்டாவது பெரியது, 1,900 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஆழமான இடத்தில் 128 மீட்டர். தண்ணீர் அவ்வளவு தெளிவு, சுற்றியுள்ள ஊர்கள் அதைத்தான் குடிக்கின்றன. அந்தக் குளிர்ந்த ஆழத்தில் ரோடிங் என்ற சிவந்த வயிற்று மீன் உண்டு. கோடையில் துறைப்பக்கத்து உணவகங்களில் கிடைக்கும், விடாதீர்கள். காற்று மட்டும் சொல்லாமல் கிளம்பும். நவம்பரில் மதியம் மூன்றரைக்கே இருட்டி, ஏரிக்காற்று குறுக்குத் தெரு வழியாக மேலே ஏறும்போது, ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் கன்னம் மரத்துவிடும். மிட்டாய்க் கடைகளில் பல அப்போது பூட்டிக் கிடக்கும். கோடையில் நிற்க இடமில்லாத தெருவில் எதிரே வருகிற ஒவ்வொருவரும் ஹேய் சொல்வார்கள்.

ஊர் 1971-லிருந்து யோன்ஷோப்பிங் நகராட்சியில் அடக்கம். பிரபு கொடுத்த தனி நகர அந்தஸ்து போனதைப் பற்றி என் முதியவர்களில் சிலர் நேற்று நடந்தது மாதிரி பேசுவார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. முடிவுகள் வேறெங்கோ எடுக்கப்படுகிற சின்ன ஊரில், பேருந்து ஒன்று குறைந்தாலும் வயதானவர்கள்தான் முதலில் உணர்வார்கள்.

எதிரே தீவில் இன்னொரு அதிசயம் இருக்கிறது. 1831 முதல் அரசு அங்கே கருவாலி (ஓக்) மரங்களை நட்டது. போர்க்கப்பல் கட்ட நல்ல மரம் வேண்டும், கருவாலி முற்ற நூறு வருடத்துக்கு மேல் ஆகும், ஆகவே இப்போதே நடுவோம் என்று. ஏறக்குறைய மூன்று லட்சம் மரங்கள். 1975-ல் வனத்துறை கடற்படைக்குச் சொல்லியனுப்பியது: நீங்கள் கேட்ட கப்பல் மரம் தயார். கப்பல் எல்லாம் இரும்பாகி எத்தனையோ காலமாகியிருந்தது. காடு அப்படியே நிற்கிறது. நெருக்கமாக நட்டதால் கிளை பரப்பாமல் நேராக, உயரமாக வளர்ந்த மரங்கள். நடுவே நடந்தால் வெயில் பச்சையாக இறங்கும்.

வருவதாக இருந்தால் ஜூலையைத் தவிர்த்துவிடுங்கள், செப்டம்பர் நல்லது. பேரிக்காய் இருக்கும், கூட்டம் இருக்காது, தோட்டவாசலில் பெட்டி வைத்து விற்பார்கள், பணத்தை நீங்களே டப்பாவில் போட வேண்டியதுதான். மிட்டாய் காய்ச்சுவதைக் காலையில் போய்ப் பாருங்கள். அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். முழங்கால் நன்றாக இருந்தால் ஊருக்குள்ளிருந்தே படியேறி கிரென்னா மலைக்குப் போகலாம். மேலே பழைய குடிசைகளும் ஒரு காப்பிக் கடையும் உண்டு. தெற்கே ரோட்லே என்ற சிற்றூரில் அருவியோரம் பழைய தண்ணீர் ஆலைகள் இருக்கின்றன. ஒன்றுக்கு ஜெருசலேம் என்றும் இன்னொன்றுக்கு ராஸ்முஸ் என்றும் பெயர். தீவுக்குப் படகு வருடம் முழுவதும் ஓடுகிறது, 25 நிமிடம்தான். காரோடு போவதென்றால் மட்டும் முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.